நாலு விரல் இடம்

தெருவில் எல்லோரும் அவளை ‘அங்குலம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒரு மின்கட்டண ரசீதில்கூட வந்ததில்லை. அவள் குடியிருந்த எந்த வீட்டின் இணைப்பும் அவள் பெயரிலோ அவள் புருஷன் பெயரிலோ இருந்ததில்லை.

துணிக்கடைகள் வரிசையாக இருக்கும் கடைத்தெருவில், ஒரு கடையின் மாடிப்படிக்கு அடியில், தையல் மிஷினும் ஓர் ஆளும் ஒண்டிக்கொள்ளும் அளவுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். புதுத்துணி தைப்பது அவள் வேலை இல்லை. வாங்கிய துணியை உடம்புக்கு ஏற்றபடி பிடித்துக் கொடுப்பதும், போன வருஷம் பிடித்ததைப் பிரித்து விட்டுக் கொடுப்பதும்தான் வேலை. “இடுப்புல ஒரு அங்குலம் பிடிங்க” என்று வருகிறவர்களிடம், “அரை அங்குலம் போதும். உள்ள துணிய வெட்டாம விடறேன், எப்படியும் திரும்பி வருவீங்க” என்பாள். அவர்களும் வந்தார்கள். பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் இடுப்பளவு மறந்தாலும் தனக்கு மறக்காது என்ற பெருமைகூட உண்டு.

புருஷன் பெயிண்டர். ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் வெளுத்துவிட்டு, சாயங்காலம் வேறொருவர் வீட்டுச் சுவருக்குள் வந்து படுப்பவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் சமாதானம்தான் பேசுவார். “விடு, போகட்டும்” என்பது அவர் வாயில் குடியிருந்த வாக்கியம். வாடகை கொடுக்காமல் அவரிடம் குடியிருந்தது அது ஒன்றுதான்.

கல்யாணமானதிலிருந்து அவர்கள் மாறிய வாடகை அறைகள் பல. ஒரு வீட்டுக்காரர் தண்ணீரை வாளிக்கணக்கில் எண்ணினார். இன்னொருவர் இரவு எட்டு மணிக்கு மேல் மிஷின் ஓடக் கூடாது என்றார். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஒன்று: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினாள். கடிகாரத்தை அலமாரி மேல் சாய்த்து வைத்தாள். ஒருமுறை, மகளின் பள்ளிக்கூடப் பையை மாட்ட ஒரே ஒரு ஆணி அடித்துவிட்டாள். காலி செய்கிற நாளில் அதைக் கண்டுபிடித்த வீட்டுக்காரர், அறை முழுக்க வெள்ளையடிக்க வேண்டும் என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். அந்த வேலைக்கு அவர் கூப்பிட்ட பெயிண்டர் அவள் புருஷன்தான். அவரும் போய் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

“அந்த ஓட்டைய நீங்களே அடைச்சீங்களா?” என்று கேட்டாள்.

“வேற யாரு அடைப்பா? நல்லா மூடிட்டேன், தெரியவே தெரியாது” என்றார் அவர், தொழில் பெருமையோடு.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டில் இருந்த ஒரே அடையாளத்தைத் தன் கையாலேயே பூசி மூடிவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கி வருகிறான் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொந்தமாக ஒரு சுவர் வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் விழுந்தது. வீடு என்றுகூட அவள் நினைக்கவில்லை. ஆணி அடித்தால் யாரும் கேட்காத ஒரு சுவர். மற்ற மூன்றும் அதற்குத் துணைக்கு.

இடம் கிடைத்தது, அவள் தொழிலில் கிடைப்பது போலவே. ஒரு பெரிய மனையைப் பங்கு போட்டு விற்றபோது கடைசியில் மிஞ்சிய துண்டு அது. ஒரு பக்கம் வடிகால். இன்னொரு பக்கம் இரண்டு மாடி வீடு. கார் நிறுத்த வைத்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்ன இடம். “வெட்டுத் துண்டு” என்று பெயிண்டர் உதட்டைப் பிதுக்கினார். “துண்டுத் துணியிலதான் நல்ல பை வரும்” என்றாள் அவள்.

வீடு என்று சொல்லிக்கொள்ள இத்தனை சதுர அடியாவது இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பது வரைபடம் போடப் போன இடத்தில்தான் தெரிந்தது. அதைவிடச் சின்னதாகக் கட்டினால் அது வீடு இல்லை, கொட்டகை. வீடு என்றால் பக்கத்து எல்லையிலிருந்து மூன்றடி இடைவெளி விட வேண்டும் என்று இன்னொரு சட்டம். இரண்டுக்கும் நடுவே அவர்கள் வரைபடம் ஊசியில் நூல் நுழைகிற மாதிரி நுழைந்தது. நீளம் பதினாறு அடியில் ஒரே அறை, அதன் கோடியில் சமையல் மேடை, ஒரு குளியலறை, மகள் படுக்க மேலே ஒரு பலகைப் பரண். அவ்வளவுதான். ஒப்புதல் முத்திரை விழுந்த காகிதத்தை அவள் தேய்த்த சட்டையை எடுத்து வருவது போல இரு கைகளிலும் ஏந்தி வந்தாள்.

கொத்தனார், பெயிண்டரோடு பல கட்டடங்களில் வேலை பார்த்த சிநேகிதர். வாரத்தில் விடுமுறை நாளில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் குடும்பம்தான் மணல் சலித்தது, செங்கல் அடுக்கியது, எழும்பிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது. மகள் கல்லூரிக்குப் போகுமுன் ஓர் அடுக்குச் செங்கலைக் கைமாற்றிவிட்டுத்தான் தலை வாருவாள்.

அஸ்திவாரத்துக்குக் கோடு போட்ட நாளில் கொத்தனார் தன் இரும்பு டேப்பை எடுத்தார். முனைக் கொக்கி உடைந்து, முதல் அங்குலமே காணாமல்போன டேப்.

“ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு கடைசியில ஒண்ணு கழிச்சிட்டா கணக்கு சரியாப் போச்சு தங்கச்சி.”

“கழிக்க மறந்துட்டா?”

“மறப்பனா?”

“காதுல பென்சில வச்சுக்கிட்டே பென்சிலக் காணோம்னு எங்களையெல்லாம் தேட விட்டீங்களே அண்ணே.”

அவள் கழுத்தில் எப்போதும் மாலையாகத் தொங்கும் தையல் டேப்பை எடுத்து நீட்டினாள். கொத்தனார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது என்ன, வயசான பாம்பு மாதிரி தொளதொளன்னு இருக்கு.”

“மிஷின்ல உக்காந்த நாள்லேர்ந்து இதுலதான் அளக்கறேன். ஒரு சட்டை திரும்பி வந்ததில்ல.”

“சட்டை திரும்பி வந்தா பிரிச்சுத் தச்சிடலாம். வீடு திரும்பி வந்தா?”

“வராது” என்றாள். கொத்தனார் தோளைக் குலுக்கிக்கொண்டு கயிற்றைக் கட்டினார். வடிகால் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, விட வேண்டிய இடைவெளி, சுவர், அறை, சுவர் என்று அவளுடைய டேப்பாலேயே அளந்து கோடு போட்டார்கள். மறுகோடியை அளந்து பார்க்கவில்லை. பத்திரத்தில் மனையின் அளவு இருந்தது. கழித்தால் மிச்சம் மூன்றடி. காகிதத்தில் கழித்தது மண்ணிலும் மிஞ்சும் என்று நம்பிவிட்டார்கள்.

இரும்புக் குழாய்கள் மேல் தகரக் கூரை ஏறியதும் குடி வந்துவிட்டார்கள். வாடகையும் செங்கலும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை. பூச்சு பாதி முடிந்திருந்தது. மின்சாரம் தற்காலிக இணைப்பு. ஆனாலும் அந்த அறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. கட்டிலின் தலைமாடு மிஷினுக்கு மேஜையாகும். மகளின் பரணுக்கு ஏறும் ஏணி, படிப்படியாகப் பாத்திரம் கவிழ்க்கும் அலமாரி. கதவைத் திறந்தால் அதன் பின்பக்கம் சமையல் மேடைக்கு மறைப்பு. கையை நீட்டினால் எல்லாம் எட்டும். “அம்மா நமக்கு வீடு கட்டல, சட்டை தச்சிருக்காங்க” என்றாள் மகள்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கட்டி முடித்ததற்கான சான்று வந்து, கதவு நம்பர் தகடு கிடைக்க வேண்டும். அது வந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, எழுதிக் கொடுக்க ஒரு முகவரி. முதல் ஆணி அந்தத் தகட்டுக்குத்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆகவே சொந்தச் சுவர் நாலு பக்கமும் நிற்க, கண்ணாடி இன்னும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது.

மாடி வீட்டுப் பக்கத்து இடைவெளியில் தரை போடலாம் என்று ஒருநாள் அங்கே டேப்பை வைத்தாள். மூன்றடி வரவில்லை. மறுபடியும் வைத்தாள். நாலு விரல் குறைந்தது.

அவள் பார்வை எல்லைக் கல்லின் மேல் போய் நின்றது. போன வருஷம் மாடி வீட்டார் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டியபோது அந்தக் கல்லைப் பிடுங்கி மறுபடி நட்டிருந்தார்கள். விஷயம் வெட்டவெளிச்சம். கல் நகர்ந்திருக்கிறது. மாடி வீட்டின் சுவரோ இடைவெளி என்ற பேச்சே இல்லாமல் எல்லைக் கோட்டின் மேல் ஏறி நின்றது. அதன் ஜன்னல் மறைப்பு இவர்கள் தலைக்கு மேல் நீண்டு, மழை பெய்தால் இவர்கள் மண்ணில் வடித்தது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பாகம் ராப்பகலாக இவர்கள் பக்கம்தான் மூச்சு விட்டது. இவ்வளவு விழுங்கியும் போதாமல் நாலு விரலுமா?

மாடி வீட்டம்மா மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“கல்ல எப்ப நகர்த்தினீங்க?” என்று கீழிருந்து கேட்டாள் அங்குலம்.

“எந்தக் கல்ல?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. நாலு விரல் இடம் குறையுது.”

மாடி வீட்டம்மா துணிக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். “ஏன் டெய்லரம்மா, உங்க நாலு விரல எடுத்து நான் என்ன மாளிகையா கட்டப் போறேன்? அதான் ஏற்கெனவே கட்டியாச்சே.”

பெயிண்டர் “விடு, போகட்டும்” என்றார். அதுதான் எண்ணெய் ஊற்றியது. மறுநாள் அவள் கட்டட அலுவலகத்துக்குப் போய், பக்கத்து வீட்டார் எல்லைக் கல்லை நகர்த்திவிட்டார்கள், வந்து அளந்து கொடுங்கள் என்று புகார் கொடுத்துவிட்டு வந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆய்வாளர் குடையோடு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தெருமுனைக் கல்லிலிருந்து ஆரம்பித்து நீளமான இரும்பு டேப்பை ஓட்டினார். மாடி வீட்டம்மா மேலிருந்து பார்த்தாள். கொத்தனாரும் வந்திருந்தார்.

“கல்லெல்லாம் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கும்மா” என்றார் ஆய்வாளர்.

“அப்ப குறையறது?”

அவர் வீட்டை அளந்தார். வரைபடத்தைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். “எதால கோடு போட்டீங்க?”

அவள் கழுத்திலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இரும்பு டேப்பின் பக்கத்தில் தரையில் நீட்டி வைத்தார். தொடங்குகிற இடம் இரண்டுக்கும் ஒன்று. முடிகிற இடத்தில், அவளுடைய ஐந்தடி டேப் ஓர் அங்குலம் தள்ளிப்போய்ப் படுத்திருந்தது.

“நாளாவட்டத்துல இழுத்து இழுத்து நீண்டுடும்மா” என்றார் மெதுவாக.

கொத்தனார் வானத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமலிருந்தது அவர் செய்த பெரிய உபகாரம்.

உடம்பை அளந்ததும் அந்த டேப்தான், துணியை அளந்ததும் அதேதான். டேப் பொய் சொன்னாலும் இரண்டிடமும் ஒரே பொய்யைச் சொன்னது. சட்டை சரியாக நின்றது. வீடும் தனக்குத்தானே சரியாகத்தான் இருந்தது. மண்ணை மட்டும் வேறு யாரோ வேறு டேப்பால் அளந்து வைத்திருந்தார்கள். வடிகால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு ஐந்தடிக்கும் ஓர் அங்குலமாக நகர்ந்து நகர்ந்து, கடைசிச் சுவர் நாலு விரல் தள்ளி நின்றுவிட்டது.

அவளுக்குக் காது சுட்டது. தப்பு தன்னுடையது. அதை அவள் மறுக்கவில்லை.

“சரி சார். தப்புதான். என்ன அபராதமோ கட்டிடறேன்.”

“அபராதம் கட்டி வரன்முறை பண்ணிக்கற திட்டம் இருக்கு. ஆனா அது உங்களுக்கு வராதும்மா.”

“ஏன்?”

“அது ஒரு அளவுக்கு மேல இருக்கற கட்டடத்துக்குத்தான். பெரிய கட்டடத்த இடிச்சா நிறைய நஷ்டம் வரும்ங்கறதால குடுத்த சலுகை. உங்களது சின்னது. இடிச்சுக் கட்டறது சுலபம்.”

அவள் மாடி வீட்டுச் சுவரைக் காட்டினாள். “அது?”

“அது வரன்முறை ஆயிடுச்சு.”

“அவங்க ஒரு விரல்கூட விடலயே.”

“அதான் வரன்முறை.”

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் யோசித்து, உதவி செய்கிற குரலில் ஒரு வழி சொன்னார். “இன்னொண்ணு பண்ணலாம். கொட்டகைன்னு எழுதிடறேன். கொட்டகைக்கு இடைவெளி தேவையில்ல. சுவர் இப்படியே நிக்கலாம். ஆனா ஆள் தங்கக் கூடாது.”

“ஆள் தங்கக் கூடாதா?”

“எழுத்துல. யாரு வந்து பாக்கப் போறா?”

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அதே சுவர், அதே இடம், அதே நாலு விரல். உள்ளே மூட்டை தூங்கினால் குற்றமில்லை. மனுஷி தூங்கினால் குற்றம். இடைவெளி காற்றுக்காக, வெளிச்சத்துக்காக, தீப்பிடித்தால் ஆள் ஓடுவதற்காக என்று வரைபடம் போட்டவர் சொல்லியிருந்தார். நல்ல சட்டம்தான், அவள் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாடி ஆட்களுக்குக் காற்று வேண்டாமா? பெரியதன் முன்னால் நின்றால் யோசிக்கிற சட்டம், சின்னதன் முன்னால் வந்ததும் டேப்பை எடுக்கிறது. அவள் டேப் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் பொய் சொன்னது. இந்தச் சட்டத்துக்கு அந்த நேர்மைகூட இல்லை.

சாயங்காலம் கட்டிலில் அவளும் பெயிண்டரும், செங்கல் அடுக்கின் மேல் கொத்தனாருமாக உட்கார்ந்தார்கள்.

“கொட்டகைன்னே எழுதிக்கட்டும்” என்றார் பெயிண்டர். “பேருல என்ன இருக்கு? நாம வீடாத்தானே வச்சுக்கப் போறோம். விடு, போகட்டும்.”

“கொட்டகைக்குக் கதவு நம்பர் உண்டா?”

“இல்லதான்.”

“கரண்டு?”

“கடைக் கணக்குல குடுப்பாங்கன்னு சொல்றாங்க.”

“நாளைக்கு யாராவது வந்து ஏன் இங்க படுத்திருக்கன்னு கேட்டா?”

பெயிண்டர் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

“இத்தன வருஷம் அடுத்தவன் வீட்ல பயந்து பயந்து படுத்தோம். அதுலயாவது ஒரு நியாயம் இருந்துச்சு, அவன் வீடு. இப்ப நம்ம வீட்லயே திருட்டுத்தனமா படுக்கச் சொல்றீங்க.”

“நான் அப்படிச் சொல்லல.”

“அப்படித்தான் சொல்றீங்க. உங்களுக்குத் தெரியல. ஆணி ஓட்டைய நல்லா மூடிட்டேன்னு சொன்னீங்களே, அன்னிக்கும் உங்களுக்குத் தெரியல.”

அது நடந்து எவ்வளவோ வருஷமாகியிருந்தது. பெயிண்டர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மகள் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்து, “அப்பா, காலேஜ்ல முகவரி கேட்டா நான் கொட்டகைன்னா எழுதறது? நான் என்ன மாடா?” என்றாள். கொத்தனார் சிரித்துவிட்டார். பெயிண்டருக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

“சரி” என்றார். “உன் இஷ்டம். என்ன பண்ணலாம்னு சொல்லு.”

அவள் கொத்தனாரைப் பார்த்தாள். “அண்ணே, ஒரு சட்டைய வெளிப்பக்கம் மட்டும் பிடிச்சு, உள்ளளவு மாறாம இருக்கணும்னா என்ன பண்ணுவீங்க?”

“எனக்கு சட்டை தெரியாது தங்கச்சி. சுவர்னா தெரியும். ஒரு கல் சுவர அரைக்கல் சுவராக்கிட்டா, உள்பக்கம் அங்கயே நிக்கும், வெளிப்பக்கம் நாலரை அங்குலம் உள்ள வந்துடும். கூரை தகரம்தானே, தாங்கும். ஆனா சுவர் மெலிசாயிடும். வெயில் அடிக்கும். அடுத்த வீட்டுக்காரன் இருமினா இங்க கேக்கும்.”

“உள்ள பட்டி வச்சுத் தச்சா மெலிசுத் துணியும் நிக்கும்ணே.”

“உள்பக்கம் ரெண்டு இடத்துல தூண் மாதிரி எழுப்பிடறேன். ஆனா இந்தத் தடவை எந்த டேப்பு?”

“உங்க டேப்புதான்” என்றாள். “ஒண்ணு கழிக்க நான் ஞாபகப்படுத்தறேன்.”

அடுத்த வாரம் கூரைக் குழாய்களுக்கு அடியில் மரக் கம்பங்களை முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரை மேலிருந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் உளியை எடுத்துக்கொண்டாள். இடிப்பதற்கு விடவில்லை. செங்கல் செங்கலாகச் சாந்தைக் கொத்தி எடுத்து, முழுக்கல் உடையாமல் பிரித்தாள். தையல் பிரிக்கிறவளுக்கு அது புதிய வேலை இல்லை. எங்கே இழுத்தால் நூல் வரும், எங்கே இழுத்தால் துணி கிழியும் என்று கைக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கல்லும் அவள் தலையில் சுமந்து வந்த கல். சில கற்களை அடையாளம்கூடத் தெரிந்தது. ஒன்றில் மகளின் கட்டைவிரல் ரேகை சாந்தில் பதிந்திருந்தது. அதைக் கொத்தும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுகிற மாதிரியான கோபம் இல்லை அது.

பிரித்த பக்கத்தில் பழைய போர்வைகளை இணைத்து ஒரு திரை தைத்து மாட்டினாள். அந்த நாட்களில் தெருவே அவர்கள் வாழ்வதைப் பார்த்தது. காற்றில் திரை விலகினால் சமையல் மேடை, கட்டில், பரணில் படிக்கும் மகள் எல்லாம் பொம்மை வீடு போலத் தெரிந்தன. போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், “என்ன அங்குலம், ஆல்டரேஷனா?” என்று கேட்டார். “ஆமா. உங்க இடுப்பு மாதிரி இல்ல, இது குறைஞ்சா குறைஞ்சதுதான்” என்றாள்.

மாடி வீட்டம்மா ஒருநாள் வாசலுக்கே இறங்கி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தெருவே கேக்க என்னத் திருடி மாதிரிப் பேசினீங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

அங்குலம் உளியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“கல்லப் பத்திச் சொன்னது தப்பு. மன்னிச்சுக்குங்க. அது என் டேப்போட தப்பு.” அண்ணாந்து பார்த்தாள். “ஆனா உங்க சுவர் நிக்கற இடமும் தப்பு. அது எந்த டேப்போட தப்பும் இல்ல.”

மாடி வீட்டம்மா கட்டிய கையை அவிழ்க்காமலே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு மேலே துணி உலர்த்தும்போது அவள் கீழே பார்ப்பதில்லை. அது வெட்கமா வெறுப்பா என்று அங்குலம் ஆராயவில்லை. இரண்டும் ஒரு சுவரையும் நகர்த்தப் போவதில்லை.

புதுச் சுவர் அரைக்கல் கனத்தில் எழும்பியது. கொத்தனார் ஒவ்வொரு முறை டேப்பை வைத்தபோதும் மூன்று பேரும் ஒரே குரலில் “ஒண்ணு கழிங்க” என்றார்கள். பெயிண்டர் வெளிப்பக்கம் பூசி, ஊரார் சுவருக்கு அடிப்பதைவிட ஒரு கை கூடுதலாக அடித்தார். யாரும் கேட்காமலே கூரைத் தகரத்துக்கு மேலே ஏறி வெள்ளை பூசினார், வெயில் குறையட்டும் என்று. அவருடைய மன்னிப்பு அப்படித்தான் வரும். அவளும் அதைப் பார்க்காதது போல வாங்கிக்கொண்டாள்.

ஆய்வாளர் மறுபடி வந்தார். இடைவெளியை அளந்தார். மூன்றடி, அதற்கு மேல் அரை விரலும் இருந்தது. உள்ளே வந்து அறையை அளந்து, “வரைபடத்தவிடக் கொஞ்சம் கூட இருக்கே” என்றார்.

“அது டேப்பு குடுத்தது சார். அது எடுத்துக்கிட்டது மட்டும்தான் உங்க கணக்குல வரும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். உள்ளே கூடினால் குற்றமில்லை போலிருக்கிறது, எழுதிக்கொண்டார். சில வாரம் கழித்து அவரே கதவு நம்பர் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஊழியரிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். தான் முன்னின்று சீக்கிரம் முடித்துக் கொடுத்ததைத் தன் கையால் கொடுக்க நினைத்திருப்பார்.

“இனிமே இது சட்டப்படி வீடும்மா. சந்தோஷந்தானே?”

அவள் தகட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மேல் மூலைக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை இருந்தது. ஆணி கொடுக்கவில்லை.

“சார், ஒரு நிமிஷம் இப்படி வாங்க.” அவரை இடைவெளிக்குக் கூட்டிப் போனாள். மெலிந்த சுவர் ஒரு பக்கம். மறுபக்கம், அண்ணாந்தால் வானத்தைப் பாதி மறைக்கும் மாடி வீட்டுச் சுவர். நடுவில் ஆள் ஒருக்களிக்காமல் நடக்கிற அளவுக்கு அவள் விட்ட மூன்றடி.

“இந்தக் காத்து, வெளிச்சம் எல்லாம் ரெண்டு வீட்டுக்கும் சேத்து நான் விட்டது.”

“அந்தக் கட்டடத்த அளக்க எனக்கு உத்தரவு இல்லம்மா.”

“அளக்க வேண்டாம் சார். பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குடையை எடுத்தார், செருப்பை மாட்டினார். போகும்போது வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றார். பெயிண்டர் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை.

தெருமுனையில் குடை மறைந்ததும் பெயிண்டர் சொன்னார்: “அலைஞ்சு வாங்கிக் குடுத்திருக்காரு. ஒரு நன்றி சொல்லிருக்கலாம்.”

“எதுக்கு? என் வீட்ட என் வீடுன்னு சொன்னதுக்கா?”

அவர் வாயில் வழக்கமான வாக்கியம் வந்ததை அவள் பார்த்தாள். அவர் அதை விழுங்கினார். உள்ளே போய்ச் சுத்தியலையும் ஆணிகளையும் எடுத்து வந்தார். “குடு, நான் அடிக்கறேன்” என்று கை நீட்டினார். அவள் தகட்டைக் கொடுக்கவில்லை, சுத்தியலை வாங்கிக்கொண்டாள். முதல் ஆணி வளைந்தது. அதைப் பிடுங்கி, வாசற்படியில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, அதையே மறுபடியும் வைத்து அடித்தாள். உள்ளே மகள் ஜன்னல் கம்பியிலிருந்து கண்ணாடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.